பொட்டுக்கு அடியில் இருந்த ஸ்க்ரூ

சரவணா,

உன் வாளைக் கழற்றியது நான்தான். யாழினியைத் திட்டுவதை இன்றோடு நிறுத்து. அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எழுந்து போய் உன் வேலையைப் பார். அதற்காக நான் நோட்டும் பேனாவும் எடுக்கவில்லை. மூன்று சனிக்கிழமையாக என் பேத்தி கள்ளிக்குப்பத்துக்கு வரவில்லை. "இனிமே அவ அங்க வரமாட்டாம்மா, சனிக்கிழமைக்கு கோடிங் கிளாஸ் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அவளைத் திரும்பக் கேட்டு எழுதுகிறேன். அவ்வளவுதான்.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நீ செய்தது தனியாகச் செய்யவில்லையே. செய்தித்தாள் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிற வாளையும் பக்கத்தில் என் இட்லித் தட்டையும் படம் பிடித்து, "அம்மாவின் கைவண்ணம்" என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாய். உன் சித்தப்பா சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் போட்டார். உன் மாமா, என்னோடு கூடப் பிறந்தவன், "அஞ்சாங்கிளாஸ் இன்ஜினியர்" என்று எழுதினான். ஆகவே இதுவும் அங்கேயே வரும். பக்கத்து வீட்டுத் தனலட்சுமி என் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துப் போடுவாள். சிரித்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள்தான். அந்த ஐந்து வருஷத்தில் படித்த எழுத்தை இன்னும் ஒன்றுகூடத் தொலைக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வாளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிஜ வாள் இல்லை. பிடி டார்ச் லைட் போல உலோகத்தில் இருக்கும். அதிலிருந்து என் மார்பு உயரத்துக்கு வெள்ளையாக ஒரு குழாய். பட்டனை அழுத்தினால் அடியிலிருந்து நுனிவரை நீல வெளிச்சம் ஏறும், கூடவே 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். சினிமாவில் வருவது போலவே செய்தது என்று வெளிநாட்டிலிருந்து நீ வாங்கி வந்தாய். வாங்கி வந்து என்ன செய்தாய்? ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் கண்ணாடி அலமாரி செய்து அதற்குள் நிற்க வைத்துப் பூட்டினாய். அது வந்த அட்டைப் பெட்டியைக்கூடப் பரணில் வைத்திருக்கிறாய். ஒருதரம் நான் தூசு தட்டப் போனபோது, "அம்மா, கைரேகை விழும்" என்றாய். என் கைரேகை பட்டுத்தான் நீ வளர்ந்தாய் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மருமகள் கவிதா பக்கத்தில் இருந்தாள்.

ஆயுத பூஜைக்கு உனக்கும் கவிதாவுக்கும் லீவு இல்லை என்று யாழினியைக் காலையில் என் வீட்டில் விட்டு, மறுநாள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனாய். அவள் தோளில் யோகா பாய் பை ஒன்று நீட்டமாகத் தொங்கியது. நீ பார்த்தாய், கேட்கவில்லை. நீ போனதும் அதிலிருந்து வாளை உருவினாள். அலமாரிச் சாவியை நீ எங்கே வைப்பாய் என்று அவளுக்குத் தெரியாதா? "ஆயா, இன்னைக்கு ஆயுதத்துக்குத்தானே பூஜை? நம்ம வீட்ல இருக்கற ஒரே ஆயுதம் இதுதான்." அப்பாவிடம் கேட்டாயா என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' பொய் என்று எனக்குத் தெரியும். நீயும் அதே 'ம்'தான் சொல்வாய் சின்ன வயதில். தெரிந்தும் விட்டேன். அது என் கணக்கில் ஒன்று.

பூஜை எப்படி என்று உனக்குத் தெரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒயர் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள் நான். வண்டிகளுக்குப் போகிற ஒயர்க்கட்டு நாங்கள் கட்டியது. ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு மிஷினுக்கும் குழைத்த சந்தனம் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைப்போம். சூப்பர்வைசர் பின்னாலேயே வருவார், "ஏம்மா, மிஷினுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கத்திக்கொண்டு. அந்தக் கை இன்னும் மாறவில்லை. சாமி படத்துக்கு முன்னால் என் கட்டர், குறடு, சால்டரிங் அயர்ன், அரிவாள்மணை எல்லாவற்றையும் வைத்தேன். நடுவில் உன் வாள், பிடி தரையில் இருக்க, சுவரில் சாய்த்து. பன்னீரில் தளரக் குழைத்த சந்தனத்தைக் குழாயும் பிடியும் சேருகிற கழுத்தில் சுற்றிப் பூசினேன். கழுத்துக்குக் கீழே பிடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. பொட்டு வைக்கவே செய்தது போல. அதில் அழுத்தி ஒரு குங்குமப் பொட்டு.

யாழினி உடனே சொன்னாள். "ஆயா, தண்ணி உள்ள போகுது. எடுத்துத் தொடைச்சிடலாம்." நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை அசைக்கக் கூடாது என்றேன். நம் வீட்டில் அப்படித்தான். அரிவாள்மணையைக்கூட எடுக்காமல், அன்றைக்குக் காய் நறுக்காத சமையல்தானே செய்வேன். குழந்தை சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. அவளிடம் இதை மறுநாளே ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். வாள் கெட்டது என் சந்தனத்தால். அவளால் இல்லை.

காலையில் பட்டனை அழுத்தினால் 'உம்ம்ம்' வந்தது, வெளிச்சம் வரவில்லை. அடியில் ஒரு சாண் அளவு மினுக்கி அதுவும் நின்றது. அவள் முகம் செத்துவிட்டது. "அப்பா என்னைக் கொன்னுடுவாரு" என்றாள். கொல்லமாட்டார், கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்றேன். முதல் வேலையாக அடி மூடியைத் திருகி பேட்டரியை எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு குழாயை உருவப் பார்த்தோம். வரவில்லை. எங்கேயோ ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தேடினோம். கண்ணாடி போட்டும் தேடினேன், போடாமலும் தேடினேன். ஒரு மணி நேரம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தனலட்சுமி, "இன்னாக்கா, கத்தியத் தூக்கிகினு எங்க கெளம்பிட்ட? எந்த நாட்டு மேல படையெடுக்கற?" என்றாள். "ஐயப்பன்தாங்கல் மேலதான்" என்றேன். அப்போது விளையாட்டாகச் சொன்னேன்.

ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தது யாழினி. சேஃப்டி பின்னை எடுத்து என் குங்குமப் பொட்டைச் சுரண்டினாள். "ஆயா! ஓட்டை!" பொட்டுக்கு நேர் அடியில், எள்ளு போல, தலையே இல்லாத ஒரு ஸ்க்ரூ. நானே ஒளித்து வைத்துவிட்டு நானே ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தனலட்சுமி மறுபடி வந்துவிட்டாள். நீ போட்ட படத்தில் இதெல்லாம் தெரியாது.

அந்த ஸ்க்ரூவுக்கு என்னிடம் சாவி இல்லை. தெருமுனை வண்டி மெக்கானிக்கிடம் வாளையே தூக்கிக்கொண்டு போனோம். "யம்மோவ், கத்தியக் காட்டி மெரட்டாத, கேட்டாலே குடுப்பேன்" என்றார் அவர். 'ட' போல வளைந்த எல்.என். கீயில் இருப்பதிலேயே சின்னதைத் தேடிக் கொடுத்தார். குழாயை வழுக்காமல் பிடிக்க ஒரு துண்டு சைக்கிள் டியூபும் கொடுத்தார். "நைனா வாங்கினு வந்ததா பாப்பா? அவரு வர்றதுக்கு முன்ன மாட்டிடு" என்று சொல்லியனுப்பினார்.

ஸ்க்ரூ கழன்றது. குழாய் அரை விரல் நகர்ந்தது, நின்றுவிட்டது. இழுத்தால் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுலபமாக வர வேண்டியது வராமல் இருந்தால் உள்ளே ஏதோ ஒயர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்தது இல்லை. முதல் வருஷத்தில் ஒரு நாள் பலமாக இழுத்து, ஒரு கட்டு முழுவதையும் நாசமாக்கி, எல்லார் எதிரிலும் நின்று திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது. பிடியைச் சுற்றி ஒட்டியிருந்த ரப்பர் பட்டைகளை மெதுவாக உரித்தோம். அடியில் நாலு ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே இட்லித் தட்டுக் குழியில் போட்டாள். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்களே, அந்த இட்லித் தட்டு அதற்குத்தான். எது எந்தக் குழியில் என்று தெரிந்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற வேண்டாம். உள்ளிருந்து ஒரு சின்ன போர்டு வந்தது. அதிலிருந்து மூன்று ஒயர் குழாய்க்குள் போகிறது. சிவப்பு, கறுப்பு, பச்சை. குழாய்க்குள் நீளமாக ஒரு லைட் பட்டை. சந்தனத் தண்ணீர் அதன் அடிக்குப் போய்க் காய்ந்திருந்தது. மூன்று ஒயரையும் விடுவித்தால்தான் குழாய் வெளியே வரும், வந்தால்தான் துடைக்க முடியும்.

எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை என்றாயே. மூன்றும் உண்மை. அதனால்தான் சால்டரிங் அயர்னை அவள் பிடித்தாள். நான் ஒயருக்கு அடையாள நூல் கட்டு என்றேன். அவள், "நூலும் கட்டறேன், போட்டோவும் எடுத்துக்கறேன்" என்றாள். சிவப்பு வந்தது. கறுப்பு வந்தது. பச்சையில் ஈயம் உருகுகிற நேரத்தில் விரல் நழுவி முனையில் பட்டது. 'ஸ்ஸ்' என்றாள். இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்ட வைத்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடுகு அளவு கொப்புளம். போதும் கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "பச்சை ஒயர் என்னோடது. நீ தொடாத ஆயா." கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த ஒயரையும் எடுத்தாள். டியூபைச் சுற்றி நான் குழாயைப் பிடிக்க, அவள் பிடியைத் திருக, 'ப்ளக்' என்று வெளியே வந்தது. அந்த முகத்தை நீ படம் பிடித்துப் போட்டிருக்க வேண்டும்.

மெடிக்கலில் வாங்கின ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ வந்தாய்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க!"

"உள்ள சந்தனம் போயிடுச்சுடா. தொடைச்சிட்டு மாட்டிடுவோம்."

"மாட்டிடுவியா? உனக்கு என்ன தெரியும்னு இதைத் தொட்ட? அஞ்சாங்கிளாஸ்ம்மா நீ!"

"அப்பா, ஆயா ஒண்ணும் பண்ணல, நான்தான்..." என்று யாழினி எழுந்தாள். நீ அவள் விரலைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ வாளைப் பார்க்கவே இல்லை. "கையில சூடு... அவ கையில சூடு பட்டிருக்கும்மா" என்றாய். உன் குரல் மாறிவிட்டது. உன் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். படம் ஒன்று எடுத்தாய், குப்பையில் போடு என்றாய், அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது அந்த மணிக்கட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதையும் எல்லாரும் படிக்கட்டும், சிரித்தவர்கள் முக்கியமாக.

உனக்கு ஒன்பது வயது. அப்பாவின் ரேடியோ ஒருநாள் பாடவில்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், நீ தரையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கிறாய். அந்த வீட்டில் இருந்த ஒரே பெரிய சாமான் அது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. அடுப்பில் காய்ந்திருந்த கரண்டியை எடுத்து உன் மணிக்கட்டில் இழுத்தேன். நீ கத்தவில்லை. வலது கையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டே இருந்தாய். எதையோ திருடி ஒளித்திருக்கிறாய் என்று நினைத்து விரல் விரலாகப் பிரித்தேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ. மற்றதை எல்லாம் நீ அதற்குள் பூட்டி முடித்திருந்தாய், கடைசி ஸ்க்ரூ மட்டும் பாக்கி. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தேன்.

முப்பது வருஷமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது சரவணா. அந்த ரேடியோவை நீ கெடுக்கவில்லை. செல் தீர்ந்திருந்தது. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் அப்பா புது செல் போட்டார், பாடியது. நீ பிரித்ததும் சரி, பூட்டியதும் சரி. சாயங்காலம் நீ வந்தபோது, அப்பா கடையில் கொடுத்து ரிப்பேர் செய்து வாங்கி வந்தார் என்று சொன்னேன். நீ கெடுத்ததாகவே நம்ப வைத்தேன். உண்மையைச் சொன்னால் கரண்டியை எடுத்த கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம். உன் அப்பா இரண்டு தரம் சொன்னார், "புள்ள கிட்ட சொல்லிடுடி" என்று. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரை அந்த ரேடியோ ஒரு ஸ்க்ரூ இல்லாமலே பாடியது.

அன்றைக்குப் பிறகு நீ எதையும் பிரிக்கவில்லை. நன்றாகப் படித்தாய், பெரிய கம்பெனிக்குப் போனாய், எனக்குப் பெருமைதான். ஆனால் உன் வீட்டில் மிக்ஸி நின்றால் ஆள் வருகிறான், கதவுத் தாழ்ப்பாள் இறுகினால் ஆள் வருகிறான். ஆசைப்பட்டு வாங்கினதைக் கண்ணாடிக்குள் பூட்டித் தூரத்திலிருந்து பார்க்கிறாய். நான் பூட்டின பூட்டு அது. அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முழுதாகக் கேட்கிறேன். உன் வாளுக்கு இல்லை, உன் கைக்கு.

யாழினியின் விரலுக்குக் கேட்கமாட்டேன். கூடப் பக்கத்தில் உட்கார்ந்து நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம், சரி. அடுத்த தடவை கையுறை போடச் சொல்கிறேன், அதுவும் சரி. ஆனால் பிரிக்கக் கூடாது என்று நான் உன் கையில் போட்ட சூடு ஒன்று. பிரிக்கிற வேலையில் தானாக அவள் விரலில் பட்டது ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கி அவளை என்னிடமிருந்து பிரிக்காதே. நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். நானும் அப்படித்தான் ரேடியோவைக் காப்பாற்றினேன். கோடிங் கிளாஸ் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும், விசாரித்துவிட்டேன்.

வாளைக் குப்பையில் போடவில்லை. குழாய் காய்ந்துவிட்டது, போர்டு சுத்தமாக இருக்கிறது, நூல் கட்டின ஒயர் மூன்றும் அப்படியே இருக்கின்றன. தனலட்சுமி தினமும் நச்சரிக்கிறாள். "நீயே ஒட்டிப் போட்டுடேன்க்கா. எரியறதப் பாத்தா உம்புள்ள வாயப் பொத்திக்கினு போவான்ல?" முடியும். நடுங்கினாலும் மூன்று ஒயர் வைக்க இந்தக் கைக்குத் தெரியும். வைக்கமாட்டேன். பச்சை ஒயர் என்னுடையது இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. பத்து மணி வரை பார்ப்பேன். வரவில்லை என்றால் நானே பஸ் ஏறுகிறேன். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் இறங்கி, நடந்து வருகிறேன். வாசலில் செக்யூரிட்டி பையில் என்ன என்று கேட்டால் வாள் என்றே சொல்வேன். உன் ஹாலில், அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் செய்தித்தாளை விரித்து, இட்லித் தட்டை வைத்து, அயர்னைச் செருகிவிட்டு உட்காருவேன். யார் எழுப்புகிறீர்கள் என்று பார்க்கிறேன். சந்தனம் மட்டும் கொண்டுவரமாட்டேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஒயரை அவள் வைப்பாள். பிடியை நான் பிடித்துக்கொள்கிறேன். எல்லாம் பூட்டின பிறகு கடைசியாக முடுக்க வேண்டியது பொட்டுக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன ஸ்க்ரூ. அதைத் தட்டில் போடவில்லை. மூன்று வாரமாக என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். எல்.என். கீயையும் மெக்கானிக் எனக்கே கொடுத்துவிட்டார். வலது கையை நீட்டு. அன்றைக்கு அந்தக் கையிலிருந்து பிடுங்கினதைத் திருப்பித் தருகிறேன்.

உன் அம்மா,
கள்ளிக்குப்பம்.